வழுக்கி விழுந்தவர்

கார்த்திகை பிறந்துவிட்டால் மதுரை - ராமேஸ்வரம் சாலைக்கு இரவு, பகல் கிடையாது. சபரிமலைக்குப் போய்விட்டு அப்படியே அக்னி தீர்த்தத்தில் முழுக வருகிற கார்களும் வேன்களும் வரிசை கட்டும். ஓட்டுகிறவர் ஒழுங்காகத் தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். மழை வேறு. அப்படியொரு மார்கழி விடியலில், உச்சிப்புளி தாண்டி, படகுக்குப் போய்க்கொண்டிருந்த என் தாய்மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லை ஒரு கார் பின்னாலிருந்து இடித்தது.

காரில் வந்தவர்கள் ஓடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், மாலை போட்டிருந்தான். மாமாவைத் தூக்கிக்கொண்டுபோய் ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். வெளிநாட்டு வேலைக்கு விசா வந்திருக்கிறது, கேஸ் என்று ஆனால் எல்லாம் போய்விடும் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது மாமா சொன்னார்: "மழையில வழுக்கி விழுந்துட்டேன்." விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறியது. பையன் மாமா மகனின் போனுக்கு ஐயாயிரம் ரூபாய் ஜிபே செய்துவிட்டுப் போனான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. பிளேட் வைத்தார்கள், சீழ் பிடித்து மறுபடி திறந்தார்கள். ஆடுகிற விசைப்படகில் ஒற்றைக் காலை நம்பி வலை இழுக்க முடியாது. நான்கு மாதத்தில் அத்தையின் நகை மொத்தமும் அடகுக்குப் போனது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்ப நம்பிக்கை.

எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் நஷ்டஈடு கேட்கவே முடியாது என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில், அடிபட்டவர் தானே தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். பிம்லா தேவி வழக்கில் (2009), குற்ற வழக்கு மாதிரி துளிச் சந்தேகமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று காட்டினால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் (2011), லாரி மோதிய ஒரு சிறுவனுக்காக மாதக்கணக்கில் தாமதமாகப் போட்ட எஃப்.ஐ.ஆரையும் ஏற்றுக்கொண்டது. அடிபட்டவனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா, ஸ்டேஷனுக்கு ஓடுவார்களா? அதைத்தான் அந்தத் தீர்ப்பும் பார்த்தது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வந்துவிட்டது.

எங்களுக்குத் தாமதம்கூடச் சிக்கல் இல்லை. மாமாவே வாயால் சொன்னதுதான் சிக்கல்.

விசாரித்த இடத்தில் ஒருவர் சுலபமான வழி சொன்னார். இன்சூரன்ஸ் உள்ள வண்டி ஒன்றைத் தான் ஏற்பாடு செய்வதாகவும், அது இடித்ததாக எழுதிவிடலாம் என்றும். இது புதிதல்ல, உத்தரப் பிரதேசத்தில் இப்படிப்பட்ட போலி மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே போட வேண்டியிருந்தது. மாமா மகன் கேட்டான்: "காயம் நெசந்தானே மச்சான்? வண்டி மட்டுந்தானே பொய்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுக்கிறார் வள்ளுவர். மாமாவின் முதல் பொய்யை அதில் சேர்க்கலாம் என்றால், இதை ஏன் சேர்க்கக் கூடாது? இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை.

மாமா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "இடிச்சவனையே விட்டுட்டேன். இடிக்காதவன் மேல எப்படிப்பா எழுதுறது?"

எனக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் பொய்க்கு விலை தன் காலோடு போகும் என்று மாமா நினைத்தார். அது அத்தையின் கழுத்துவரை வரும் என்று கணக்குப் போடவில்லை. அதனால் அந்தக் கருணையைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் குழப்பிக்கொண்டது வேறொன்றை. நம் ஊர்ச் சமாதானத்தில் மன்னிப்பும் பணமும் ஒரே முடிச்சு. காசு வாங்கினால் கணக்கு முடிந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டை 1939ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கி இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. பையனை மாமா மன்னிக்கலாம். அவன் பிரீமியம் கட்டிய கம்பெனியிடம் கேட்கவும் செய்யலாம். ஆனால் முழுக்கவும் அவிழவில்லை. மனு என்று போனால் போலீஸ் வரக்கூடும், அவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடும்.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. அவன் ஓடியிருந்தால் அடையாளம் தெரியாத வாகனத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கேட்டிருக்கலாம். அவனையும் யாரும் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள். நின்றதால்தான் அந்த ஐயாயிரம் ரூபாய்ப் பரிவர்த்தனை இருக்கிறது. எங்களிடம் உள்ள ஒரே உருப்படியான ஆவணம் அவனுடைய நல்ல குணம்தான். கார் நம்பர் போனில் இருந்தது. எம்பரிவாகன் செயலியில் போட்டதும் இன்சூரன்ஸ் விவரம் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்லாமலே மனுப் போடலாம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவரே பேசினார். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "நடக்குறீங்களா ஐயா?" என்று கேட்டான். விசாவைப் பற்றி மாமா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது வக்கீல் பிரமாணப் பத்திரம் எழுதினார். வலி மயக்கத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாக ஒரு வரி போட்டிருந்தார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட மாமா, "மயக்கமெல்லாம் இல்ல சார். தெரிஞ்சுதான் சொன்னேன், அப்படியே எழுதுங்க" என்றார். இப்படி எழுதினால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்தார். மாமா தலையாட்டினார். வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார்.