ஒரே குடும்பம் என்கிறார்கள்

ஒருவர் படும் வலி இன்னொருவருக்குத் தன் வலியாக உறைக்கிறதே, அங்கேதான் அறம் பிறக்கிறது. கட்டளையிலோ சொர்க்க ஆசையிலோ அல்ல என்று வாதிட்டவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஆர்தர் ஷோபன்ஹவர். டென்மார்க் அரச அறிவியல் கழகத்தின் போட்டிக்கு அவர் அனுப்பிய கட்டுரையில் இதைச் சொன்னார். போட்டிக்கு வந்ததே அந்த ஒரு கட்டுரைதான். 1840-ல் கழகம் அதற்கும் பரிசில்லை என்றுவிட்டது. பெரிய தத்துவ அறிஞர்களை மரியாதையில்லாமல் பேசியிருக்கிறார் என்பது காரணங்களில் ஒன்று. மனித இயல்பைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. தன்னலமும் பிறர் கேடு நினைக்கும் குணமும்தான் நம்மை அதிகம் ஆட்டிவைக்கின்றன, மூன்றாவதான இரக்கம் அபூர்வமாகவே தலைகாட்டுகிறது என்பது அவர் கணிப்பு.

அந்த அபூர்வம் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தலைகாட்டியது. பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி வேறு. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். இரக்கம் ஒன்றும் செய்யாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அது எப்போது விழித்தது என்று பார்க்க வேண்டும். நெரிசலான அறைகள் அந்த டிசம்பரில் முளைத்தவை அல்ல. உடம்பு விழுந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. லைனில் ஷிப்ட் முழுக்க ஒரே திருகை முடுக்கி, கால் கடுக்க நின்று, கம்பெனி பஸ்ஸில் தூங்கிப்போகிறவளுக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. அவளைப் பார்த்து யாருக்கு என்ன உறைக்கும்? போனை வாங்குகிறவர் வேறு கண்டத்தில் இருக்கிறார். ஷோபன்ஹவர் சொல்லும் இரக்கத்துக்கு முகம் வேண்டும், அந்த முகத்தில் வலியும் தெரிய வேண்டும்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அப்படி ஒரு முகம் இல்லை. பிரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்கிற அந்த ஆலையின் சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வெளியே இருந்தார்கள். சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் இழுபறி எல்லாம் அவர்கள் தொடங்கிய சங்கத்தை அங்கீகரிப்பதில்தான். நடுவில் நிர்வாகம் தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு உடன்பாடு போட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கூடுதல் ஏசி பஸ்களும் தருவதாக அறிவித்தது. கேட்டதோ வேறு. தங்கள் தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசவே விரும்புகிறோம், வெளியார் எதற்கு என்பது இத்தகைய நிர்வாகங்களின் நிலை. அதில் கபடம் மட்டுமே இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. தன் ஆட்களுக்குத் தானே நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற முதலாளிகள் உண்டு. இந்தப் பகுதியில் ஆயுதபூஜைப் பொரிகடலையோடு சேர்த்து அடிக்கடி வழங்கப்படும் வாசகம் ஒன்று உண்டு: நாம் எல்லாரும் ஒரே குடும்பம். (சாம்சங் சங்கப் பதிவு வழக்கில் நிர்வாகம் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று, சங்கம் தன் பெயரில் கம்பெனியின் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. குடும்பம் சரி, குடும்பப் பெயர் மட்டும் கிடையாது.)

ஷோபன்ஹவரின் தத்துவமும் இங்கேதான் வந்து சேர்கிறது. உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து ஆறுதல் கண்டவர் அவர். இரக்கம் எப்படிச் சாத்தியமாகிறது என்ற கேள்விக்கு அவர் விடை: உனக்கும் எனக்கும் இடையிலான பிரிவு வெறும் தோற்றம், அடியில் இருப்பது ஒன்றே, அது நீயே என்ற உபநிடத வாக்கியத்துக்கு அவர் கொண்ட பொருள் இது. கேட்க உன்னதமாக இருக்கிறது. ஆனால் நீயும் நானும் ஒன்றென்றால் உன்னோடு பேரம் பேச நான் யார்? உன் தேவை எனக்கே தெரியுமே, நீ வாய் திறப்பானேன்?

இதே மண்ணில், ஸ்ரீபெரும்புதூரில், 1017-ல் பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுசர் அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் கண்டார். உயிர்கள் இறைவனை விட்டுப் பிரியாதவை, உடல்போல அவனைச் சேர்ந்தவை. ஆனாலும் வேறுபாடு பொய்யல்ல. ஆதிகேசவப் பெருமாள் கோயில் ஊர்க்காரரைத் தொழிற்சங்கத்துக்குச் சாட்சி கூப்பிடுவது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனால் திருக்கோட்டியூர்க் கதையை நினைத்துப் பார்க்கலாம். தான் நரகம் போனாலும் பரவாயில்லை என்று கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாய்த் தந்த மந்திரத்தை அவர் எல்லோருக்கும் சொன்னார். அதுவும் இரக்கம்தான். ஒவ்வொருவருக்கும் வேண்டியதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்காமல், சாவியையே கொடுத்துவிட்ட இரக்கம்.

மனித மாண்பு என்ற பேச்சே ஷோபன்ஹவருக்குப் பிடிக்காது. விலையுள்ளதற்கு மாற்று உண்டு, மனிதருக்கு இருப்பது விலையல்ல மாண்பு என்று 1785-ல் எழுதிய இமானுவேல் காண்ட்டை அவர் கேலி செய்தார். சுங்குவார்சத்திரத்தில் கேட்கப்பட்டது அந்த மாண்புதான். 5,000 ரூபாயைக் காட்டி அதை ஈடுகட்ட முடியாமல் போனதும் அதனால்தான். காண்ட்டும் சுத்தமில்லை: பிழைப்புக்கு இன்னொருவரை அண்டியிருக்கும் கூலியாளுக்கும் பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டாம் என்றவர் அவர். ஆனாலும் 1848 செப்டம்பரில் பிராங்க்பர்ட் தெருக்களில் கிளர்ச்சி மூண்டபோது ஷோபன்ஹவர் செய்ததற்கு ஈடில்லை. தடுப்பரணுக்குப் பின்னால் இருந்தவர்களைச் சுட வந்த சிப்பாய்களை வீட்டுக்குள் விட்டார். அவர்கள் அடுத்த வீட்டுக்கு மாறியதும், கூட்டத்தை நோட்டமிடச் சௌகரியமாக, தன் பெரிய நாடகத் தொலைநோக்கியை அதிகாரிக்குக் கொடுத்தனுப்பினார். கடிதத்தில் அவரே எழுதியது இது. வலியில் துவண்ட மனிதர்மேல் இரங்கத் தெரிந்தவருக்கு, எழுந்து நின்ற கூட்டம் மனிதராகவே படவில்லை.

கலையைப் பற்றி அவர் சொன்னதைத் தள்ள மனம் வரவில்லை. நல்ல ஓவியத்தின் முன்னால், இன்னும் அதிகமாக இசையில், வேண்டும் வேண்டும் என்ற அரிப்பு சற்று நேரம் நிற்கிறது என்றார். நைட் ஷிப்ட் முடிந்து காதில் இயர்போனோடு பஸ்ஸில் சாய்ந்திருப்பவருக்கு அது புத்தகத்தில் படிக்க வேண்டிய சங்கதியே இல்லை. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகப் பேரவையில் நிறைவேறியது; தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. பாட்டுக் கேட்கும் அந்த நாலு மணி நேரம் யாருடைய இரக்கத்தாலும் மிஞ்சவில்லை.

சாம்சங் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. ஆனால் வேலைநிறுத்த நாட்களிலும் லைன் முழுதாக நின்றுவிடவில்லை; கான்ட்ராக்ட் ஆட்களும் பயிற்சித் தொழிலாளர்களும் நின்ற இடங்களை நிரப்பினார்கள். ஒரகடம் வரை நீளும் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்கும் அவர்களுக்கும் சீருடை வேறு, சம்பளம் வேறு, பல இடங்களில் மொழியும் வேறு. அவர்களைச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லி நிரந்தரத் தொழிலாளியை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சேர்த்தால் அவர் பேரம் பேசும் பலம் குறையவும் கூடும். பக்கத்தில் நின்று அதே திருகை முடுக்குகிறவரின் கால் கடுப்பு அவருக்கு உறைக்கிறதா என்ற கேள்விதான் அங்கே மிச்சம், அதைக் கேட்க ஷோபன்ஹவரைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது.