கேட்பது யாசகமல்ல

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இந்த வாரம் என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். ஒப்பந்த வேலையில் இருப்பவர். ஒரு காது முழுவதும் கேட்பதில்லை. இன்னொரு காதும் குறைந்துகொண்டே வருகிறது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே, பின்னாலிருந்து யாராவது எச்சரித்துக் கத்தினால் அவருக்குத் தெரியாது. மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் மறைத்தே காலத்தை ஓட்டி வருகிறார். "ஹஜ்ரத், சொன்னால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். துஆ செய்யுங்கள்" என்றார்.

நான் துஆ செய்தேன். "ஸப்ரு செய்யுங்கள், அல்லாஹ் இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அன்று இரவு எனக்கே மனம் ஒப்பவில்லை. துஆ சரி, ஸப்ரும் சரி. ஆனால் அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்கு நான் என்ன உதவி செய்தேன்? ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவரோடு உட்கார எனக்கு ஏன் தோன்றவில்லை?

வாயை அடைப்பது எது?

நம்மில் பலருக்கு வேலை இடத்தில் ஒன்றைக் கேட்பதே கூச்சமாக இருக்கிறது. அதற்கு மார்க்கத்தையே காரணமாகவும் சொல்கிறோம். தேவையில்லாமல் மக்களிடம் கையேந்துவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் யாசகம் என்பது பிறருடைய பொருளைக் கேட்பது. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்பது யாசகமாகாது. மஹரைக் கேட்கும் பெண்ணையும், செய்த வேலைக்குக் கூலி கேட்கும் தொழிலாளியையும் யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை. காது கேளாதவர் தன் வேலையைச் சரியாகச் செய்ய ஓர் எச்சரிக்கை விளக்கு கேட்டால் மட்டும் அதை ஏன் சலுகை என்கிறோம்?

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆவது வசனம் மானத்தோடு வாழும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அறியாதவர் அவர்களை வசதியுள்ளவர்கள் என்றே எண்ணிவிடுவார். அடையாளத்தால்தான் கண்டுகொள்ள முடியும் என்று அல்லாஹ் உணர்த்துகிறான். அப்படியானால், வாய் திறக்காதவரைக் கண்டுகொள்ளும் பொறுப்பு யார் மீது விழுகிறது? பார்க்கிற நம் மீதுதான்.

மூஸா (அலை) அவர்கள் கேட்டது

தாஹா அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். ஃபிர்அவ்னிடம் போகுமாறு மூஸா (அலை) அவர்களுக்குக் கட்டளை வருகிறது. மிகக் கடினமான பணி அது. அவர்களோ நாவில் உள்ள முடிச்சைச் சொல்கிறார்கள். அதை அவிழ்த்துவிடும்படி கேட்கிறார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக நியமிக்கும்படியும் கேட்கிறார்கள். மக்கள் தம் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று காரணமும் சொல்கிறார்கள்.

கவனியுங்கள். அவர்கள் பணியை மறுக்கவில்லை, குறையை மறைக்கவும் இல்லை. சிரமம் இது, தேவை இது, அதனால் வேலை இப்படி நன்றாக நடக்கும் என்று மூன்றையும் சொன்னார்கள். அல்லாஹ் கோபிக்கவில்லை. நீர் கேட்டது கொடுக்கப்பட்டுவிட்டது என்றே பதில் வந்தது. ஒரு நபி தம் ரப்பிடம் கேட்ட முறை இதுவென்றால், ஓர் ஊழியர் தம் அதிகாரியிடம் கேட்பதில் என்ன வெட்கம்?

மதீனாவில் நடந்தவை

இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர்கள். பார்வை மங்கியது. மழை பெய்தால் இடையிலுள்ள ஓடை நிரம்பிவிடும், கடந்து போக முடியாது. தம் வீட்டில் ஓரிடத்தில் வந்து தொழுது தரும்படியும், அதையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அபூபக்ர் (ரழி) அவர்களுடன் நபியவர்கள் வந்தார்கள். வந்ததும் உட்காரவில்லை; வீட்டில் எந்த இடத்தில் தொழ விரும்புகிறீர் என்று கேட்டார்கள். உதவுகிறவர் முடிவு செய்யவில்லை, தேவையுள்ளவரே இடத்தைக் காட்டினார்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் பார்வையற்றவர்கள். பிலால் (ரழி) அவர்களைப் போலவே அவர்களும் முஅத்தின். ஃபஜ்ர் நேரம் கண்ணால் பார்த்து அறிய வேண்டிய ஒன்று. பார்வை இல்லை என்று அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கவில்லை. விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள், அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. ஒரு வாய்ச்சொல்தான் அந்த ஏற்பாடு. அதற்கு ஒரு திர்ஹமும் செலவில்லை.

ஒரு மின்வாரிய ஊழியரின் கதை

மின்சாரத்தோடு வாழும் ஊர் நம்முடையது. ஆகவே ஒரு மின்வாரிய ஊழியரின் வழக்கைச் சொல்கிறேன். பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்தவர் பகவான் தாஸ். பணியில் இருக்கும்போதே 1994இல் பார்வையை முற்றிலும் இழந்தார். 1996இல் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். என்ன கேட்டார் தெரியுமா? தம்மைப் பணியிலிருந்து ஓய்வு பெற விடுங்கள், மனைவிக்கு ஏற்ற வேலை ஒன்று கொடுங்கள் என்று. 1997இல் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் சொல்லவும் இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண் போனால் வேலையும் போய்விடும் என்று எண்ணிக் கலங்கி நின்ற அந்த மனிதருக்குச் சட்டத்தின் நிலையை எடுத்துச் சொல்வது மேலதிகாரிகளின் கடமை என்று கூறி, அவர் பணியில் தொடர்பவராகவே கருதப்பட வேண்டும் என்றது.

சகோதரர்களே! அவர் கேட்கத்தான் செய்தார். தனக்கு உரியதைவிடக் குறைவாகக் கேட்டார். என்ன கேட்கலாம் என்று சொல்லித்தர ஒருவர் இல்லாததால், கடிதம் எழுதிய நாளிலிருந்து தீர்ப்பு வர பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதைப் படித்தபோது அந்த அஸர் வேளைதான் என் கண்முன் வந்தது. அறிந்தும் சொல்லாமல் இருப்பவர்களில் நானும் ஒருவனா?

இன்றைய சட்டம்

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. தேவையான, நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று சொல்கிறது. என்.எல்.சி போன்ற அரசு நிறுவனங்களில், பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். புகாரைக் கேட்கவென்றே குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அங்கும் தீராவிட்டால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை இன்னும் கடினம் என்பதை மறைக்க மாட்டேன். அரசு நிறுவன ஊழியருக்கு உள்ள அந்தப் பணிப் பாதுகாப்பைத் தனியார் ஒப்பந்தக்காரரின் ஆளுக்குச் சட்டம் அதே வார்த்தைகளில் தரவில்லை. ஆனால் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டிய கடமை தனியாருக்கும் உண்டு.

கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு. இருப்பதைக் கூட்டிச் சொல்லக் கூடாது. நிறுவனம் தாங்க முடியாத சுமையைச் சட்டமும் கேட்கவில்லை. அதேபோல இருப்பதை மறைக்கவும் கூடாது. அந்தச் சகோதரருக்குக் கேட்காத எச்சரிக்கையால் பக்கத்தில் நிற்பவரின் உயிரும் போகலாம். உடன் வேலை செய்பவரின் உயிர் நம் கையில் உள்ள அமானத். ஆகவே சில இடங்களில் கேட்பது உரிமை என்பதோடு நிற்காமல் கடமையும் ஆகிவிடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டிலோ, பிளாக்கிலோ, ஷிஃப்டிலோ இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் தனியாக, மற்றவர் முன்னால் அல்லாமல், என்ன சிரமம் என்று கேளுங்கள். அவர் விரும்பினால் கடிதம் எழுத உதவுங்கள். ஒரு பக்கம் போதும். மூஸா (அலை) அவர்கள் சொன்ன வரிசையே அதற்கும் பொருந்தும்: சிரமம் என்ன, தேவை என்ன, அதனால் வேலை எப்படி நன்றாக நடக்கும். மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இருந்தால் நகல் இணையுங்கள். அட்டை இல்லாவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரோடு ஒருநாள் போய் வாருங்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மேற்பார்வையாளராக இருந்தால், அவர் வாய் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். கால் இழந்தவருக்குத் தரைத்தளத்தில் ஒரு மேசை, பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்தில் ஒரு பணிப் பட்டியல். பல நேரம் தேவை இவ்வளவுதான்.

நம் பள்ளிவாசலையும் ஒருமுறை பாருங்கள். ஒளூ செய்யும் இடத்துக்கு எத்தனை படிகள்? காது கேளாதவருக்கு ஜுமுஆ உரை எப்படிப் போய்ச் சேர்கிறது? இதை எழுத்தில் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் சகோதரரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். கண்ணில் படும் எச்சரிக்கை விளக்கு, அல்லது இரைச்சல் குறைந்த வேறு பகுதி, இரண்டில் ஒன்றைக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. பயம் அவருக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் இப்போது அவர் தனியாகப் பயப்படவில்லை. ஸப்ரு என்பதன் பொருள் எனக்கு இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் காத்திருப்பதே அது.

யா அல்லாஹ்! கேட்கத் தயங்குவோரின் நாவு முடிச்சை அவிழ்ப்பாயாக! அவர்களுக்குத் துணை நிற்கும் ஹாரூன்களாக எங்களை ஆக்குவாயாக! அதிகாரம் உள்ளோரின் உள்ளங்களை இளகச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.