தேர்வு விடையும் மனச்சான்றும்

இலக்கியம் மனிதனைப் பண்படுத்துவது. தேர்வு மாணவனை மதிப்பிடுவது. இவ்விரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும்பொழுது ஓர் அறவினா எழுகின்றது. ஒரு நாவலைப் பாடமாகப் பயிலும் மாணவன், தேர்வாளர் விரும்புவார் என்று கருதப்படும் விடையை எழுதுவதா? தன் நெஞ்சு கண்ட உண்மையை எழுதுவதா? வழிகாட்டி நூல்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் வேரூன்றிவிட்ட சூழலில் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடுதற்கில்லை.

டேனியல் டீஃபோ எழுதி 1719ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராபின்சன் குரூசோ' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆங்கிலக் கல்வி பரவிய நாடுகளில் இந்நாவல் சுருக்கப் பதிப்புகளாகப் பல தலைமுறை மாணவரின் கைகளை எட்டியுள்ளது. மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பாடத்தின் ஒரு கூறாக இலக்கியம் சேர்க்கப்பட்டபொழுது, கதை இலக்கியத்தைத் தேர்வு நோக்கில் பயிலும் நிலை தோட்டப்புற மாணவர்க்கும் வந்து வாய்த்தது.

குரூசோவின் பண்புநலனை எழுதுக என்று வினா வருமாயின் விடை ஆயத்தமாக இருக்கின்றது. அவன் உழைப்பாளி, தன்னம்பிக்கை உடையவன், இறைப்பற்று மிக்கவன். ஆளற்ற தீவில் 28 ஆண்டுகள் வாழ்ந்து, பயிரிட்டு, ஆடு வளர்த்து, மட்கலம் வனைந்து தன் உயிரைக் காத்தவன். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவை பாதி உண்மைகள்.

குரூசோ எதற்காகக் கப்பலேறினான்? பிரேசில் நாட்டில் அவனுக்குத் தோட்டம் இருந்தது. அத்தோட்டத்திற்கும் அண்டைத் தோட்டங்களுக்கும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்திலேதான் கப்பல் உடைந்தது. அதற்கு முன்னரே, தன்னோடு தப்பி வந்த சூரி என்னும் சிறுவனை அறுபது வெள்ளிக் காசுகளுக்கு அவன் ஒரு கப்பல் தலைவனிடம் விற்றிருந்தான். விற்கத் தயங்கினான் என்பது மெய், ஆனால் விற்றான். பின்னர் அதற்காக வருந்தியதும், தோட்டத்தில் வேலைக்கு ஆள் வேண்டியபொழுதுதான். தீவில் அவன் காப்பாற்றிய மனிதனுக்கு, காப்பாற்றிய கிழமையின் பெயரையே சூட்டிப் 'பிரைடே' என்று அழைத்தான். அம்மனிதனின் சொந்தப் பெயர் யாதெனக் கேட்டறியவில்லை. தன்னை 'எசமான்' என்று அழைக்கக் கற்றுக்கொடுத்தான். பல சுருக்கப் பதிப்புகளில் இப்பகுதிகள் தேய்ந்தோ மறைந்தோ போகின்றன.

மலாக்கா மாநிலத்து மாணவனுக்கு இப்பகுதிகள் தொலைதூரச் செய்திகள் அல்ல. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழில் அங்கே தொடங்கியது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்கள் அடிமைகள் அல்லர், கூலி பெற்றவர்கள். ஒப்பந்தக் கூலிமுறையும் 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆகவே, இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் பிழையாகும். எனினும், விடியுமுன் பெரட்டில் வரிசையாக நின்றதும், மேலாளரைத் 'துரை' என்று விளித்ததும் அவர்தம் வாழ்வின் பகுதிகள். இரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. பல குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்டன. ஆனாலும் பாட்டனின் வாயால் 'துரை' என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பிரைடே கற்ற 'எசமான்' என்னும் சொல்லின் எடையை விரைவில் உணர்வான். அவ்வுணர்வைத் தேர்வு மண்டபத்தின் வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு கூறுவது கல்வியாகுமா?

இதற்கு எதிரான மற்றொரு பிழையும் உண்டு. ஆதிக்க நாட்டவன் எழுதிய நூல். ஆதலால் தள்ளத்தக்கது என்று முடிவு கட்டுவது அது. சொல்பவர் யாராயினும் சொல்லின் உண்மையைத் தேடுவதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி ஆங்கிலேயர் சொன்னதாலேயே ஏற்பதையும் மறுக்கின்றது. அவர் சொன்னதாலேயே வெறுப்பதையும் மறுக்கின்றது. தனக்குத் தீங்கு செய்யாத தீவு மாந்தரைக் கொல்ல எனக்கு என்ன உரிமை என்று குரூசோ தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் பகுதியும் இதே நாவலில்தான் இருக்கின்றது. சூரியை விற்ற கையும், இவ்வினாவை எழுப்பிய நெஞ்சும் ஒரே மனிதனுடையவை. அம்முரண்பாட்டைக் காண்பதே அந்நாவலைக் கற்பதாகும்.

மதிப்பெண்ணின் கதி என்ன என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது. தமிழ்ப்பள்ளியில் பயின்று, புகுமுக வகுப்பைக் கடந்து, இடைநிலைப் பள்ளியில் தடுமாறி எழும் ஏழைப் பிள்ளைக்குத் தேர்வுச் சான்றிதழ்தான் வறுமையிலிருந்து வெளியேறும் கதவு. அப்பிள்ளையிடம் மதிப்பெண்ணைத் துச்சமென நினை என்பது வயிறு நிறைந்தவர் கூறும் அறிவுரை. ஆயின், உண்மையும் மதிப்பெண்ணும் எப்பொழுதும் பகைவர் அல்லர். குரூசோ உழைப்பாளி என்பதற்குக் கதையிலிருந்து சான்று காட்டும் மாணவன், அவன் பிறர் விடுதலையை விலைபேசினான் என்பதற்கும் அதே கதையிலிருந்து சான்று காட்டலாம். சான்றுடன் கூடிய கருத்து, மனப்பாட விடையைவிட வலிமை வாய்ந்தது. வினாத்தாள் அதற்கு இடந்தராத வேளையில், கேட்டதற்கு மட்டும் விடையெழுதுவது குற்றமன்று. கேட்கப்படாததை மனத்திலிருந்தும் அழித்துவிடுவதே குற்றம்.

இங்கே ஆசிரியரின் பொறுப்பு பெரிது. நாவலில் ஓரிடத்தில் குரூசோ பிரைடேவுக்குச் சமயம் போதிக்கின்றான். கடவுள் சாத்தானைவிட வலிமை மிக்கவராயின் அவனை ஏன் கொன்றுவிடவில்லை என்று பிரைடே கேட்கின்றான். குரூசோ முதலில் காதில் விழாதவன்போல் இருக்கின்றான். பின்னர் ஏதோ விடை கூறுகின்றான். பிரைடே விடாமல் கேட்கவே, தொலைவிலுள்ள ஒரு பொருளை எடுத்துவரும்படி அவனை அனுப்பிவிடுகின்றான். வகுப்பறைகளிலும் இது நடப்பதுண்டு. 'இது தேர்வில் வராது' என்னும் ஒரு தொடர், வினா எழுப்பிய பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பிவிடப் போதுமானது. ஆனால் குரூசோவே பிரைடேவுக்குக் கற்பிக்கப் புகுந்ததனால் தானும் பலவற்றைக் கற்றதாக ஒப்புக்கொள்கின்றான். அவ்வளவு பணிவேனும் கற்பிப்போர்க்கு வேண்டும்.

பெயர் சூட்டப்பட்டவன் கேட்ட வினாவுக்குப் பெயர் சூட்டியவனிடம் உடனடி விடை இல்லை. அவ்வினாவையும் காதுகொடுத்துக் கேட்டுப் படிக்கும் மாணவனே அந்நாவலை முழுமையாகப் படித்தவன். அவன் பெறும் மதிப்பெண் ஓராண்டின் கணக்கு. அவன் பெறும் நேர்மை வாழ்நாளின் கணக்கு.