மேல்வீட்டிலிருந்து இறங்கிப்போனவர்





இந்த மாதச் செய்தி கொஞ்சம் வித்தியாசமானது. மூத்த விசுவாசிகள் சிலர் இரண்டாம் பாராவிலேயே புருவத்தை உயர்த்துவீர்கள். பரவாயில்லை, கடைசிவரைக்கும் வாசித்துவிடுங்கள்.

நம் வாலிபப் பிள்ளைகள் பெங்களூரிலே வேலை பார்க்கிறார்கள். சிலர் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் படிக்கப் போயிருக்கிறார்கள். அங்கே எலக்ட்ரானிக் இசை விழாக்கள் நடக்கின்றன. நம் தேசத்திலும் 2007-ல் கோவாவில் சன்பர்ன் என்ற பெரிய விழா ஆரம்பமாயிற்று. பெற்றோர் என்னிடத்தில் கேட்கிறார்கள்: "பாஸ்டர், பாட்டே இல்லாத பாட்டுக்கு ராத்திரி முழுக்க ஆடுறாங்களாம். அதுல என்னதான் இருக்கு? பிசாசா?" வாலிபர் கேட்கிற கேள்வி வேறே: "பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அங்க எனக்கு வந்த சந்தோஷம், ஆராதனையில வர்ற மாதிரியே இருந்துச்சு. அது என்ன?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது.

அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 120 முதல் 130 அடி, ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சிலே இடிக்கிற ஒரு கனத்த டிரம் சத்தம். மேடையிலே பாடகர் இல்லை. டிஜே என்கிறவர் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்ததை அதே வேகத்துக்குச் சரிப்படுத்தி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகிறார். ஆகையால் பாட்டு முடிவதே இல்லை. கைதட்டிவிட்டு உட்கார இடைவெளியும் இல்லை. கொஞ்சநேரம் போனதும் அந்த அடிச்சத்தத்தை எடுத்துவிடுவார். மேல்சுரம் மட்டும் ஏறும், ஏறும், இன்னும் ஏறும். ஜனங்கள் கையை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு கண நேரம் அமைதி. பிறகு அந்தக் கனத்த அடி திரும்ப வந்து விழும், அவ்வளவு ஜனமும் ஒரே நேரத்தில் குதிக்கும். இதற்கு அவர்கள் வைத்த பேர் 'டிராப்'.

நம்முடைய கீபோர்டு வாசிக்கிற தம்பிகளே, இப்போது ஏன் சிரிக்கிறீர்கள்? துதி நேரத்திலே டிரம்ஸை நிறுத்திவிட்டு, சுருதியை அரைக்கட்டை ஏற்றி, எல்லாரும் கையை உயர்த்தினபிறகு மறுபடியும் டிரம்ஸ் உள்ளே வருகிறதே, அது எங்கேயிருந்து வந்தது? அது பாவம் என்று நான் சொல்லவில்லை. சரீரத்தைத் தேவன் அப்படி உண்டாக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கனடாவிலே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2022-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆர்ஃபெக்ஸ் என்ற இருவர் குழுவின் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி அது. காதுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த ஒலியைக் கொடுக்கிற தனி ஸ்பீக்கர்களை வைத்து, அவைகளை அவ்வப்போது போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஆடுகிறவர்களின் தலையிலே பட்டை கட்டி அசைவை அளந்தார்கள். அந்த ஸ்பீக்கர் ஓடின நேரத்தில் ஜனங்கள் ஏறக்குறைய 12 சதவீதம் அதிகமாய் ஆடினார்கள். ஆனால் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது! காதுக்கு எட்டாதது சரீரத்துக்கு எட்டிவிட்டது.

தேவ பிள்ளையே, இதைக் கேட்டுப் பயப்படாதே. எலிசா தீர்க்கதரிசி என்ன செய்தார்? மூன்று ராஜாக்கள் வந்து நின்றபோது, ஒரு வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னார். அவன் வாசிக்கையில்தான் கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கிற்று (2 இராஜா. 3:15). தாவீது வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் கிடைத்தது. அல்லேலூயா! ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளிப் பாருங்க. அதே தாவீது, அதே சுரமண்டலம், அதே சவுல், இந்தத் தடவை சவுலின் கையிலிருந்து ஈட்டி பறந்தது (1 சாமு. 18:10,11). தூரா சமபூமியிலேயும் இசை இருந்தது. எக்காளமும் நாகசுரமும் கின்னரமும் முழங்கினதும் தேசாதிபதிகள் முதல் சகல ஜனமும் விழுந்தார்கள். நேபுகாத்நேச்சாருக்கு ஜனத்தை விழவைக்கத் தெரிந்திருந்தது. விழுந்தார்கள் என்பதற்காக அங்கே தேவன் இருந்தார் என்று சொல்லலாமா? அப்படியானால் நடுக்கமும் கண்ணீரும் உயர்த்தின கைகளும் அளவுகோல் அல்ல. வேறே அளவுகோல் வேண்டும்.

அதற்கு முன்னே, இந்த இசை பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். 1977-ல் சிகாகோ பட்டணத்திலே வேர்ஹவுஸ் என்ற ஒரு நடனக்கூடம் திறந்தார்கள். அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுப் போடுவார். அந்த இடத்தின் பேரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற இசைக்குப் பேர் வந்தது. வந்தவர்கள் யார்? பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இன வாலிபர்கள். அவர்களில் அநேகர் ஓரினச்சேர்க்கையாளர்கள். வேறே கூடங்களின் வாசலிலும் சொந்த வீட்டின் வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். நக்கிள்ஸ் அந்த இடத்தைச் சபையோடு ஒப்பிட்டுப் பேசினதுண்டு. அந்த இசையிலும் கறுப்பினச் சபைகளின் சுவிசேஷப் பாடல் வாசனை தெளிவாய் இருக்கிறது. அந்தப் பியானோ, அந்தக் குரல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குரல்தான். பிற்பாடு அந்த இசைக்கு அடிச்சத்தம் கொடுத்தவை ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின்கள். 1980-ல் வந்த 808, 1983-ல் வந்த 909, இரண்டுமே ஆரம்பத்தில் சரியாக விற்கவில்லை. பழைய சாமானாய்ச் சல்லிசு விலைக்கு வந்தபிறகுதான் காசில்லாத பிள்ளைகள் வாங்கி வாசித்தார்கள்.

சபை தள்ளினவர்கள் ஒரு கிடங்கிலே கூடி, சபையின் சத்தத்தையே தேடினார்கள். இதை வாசிக்கிறபோது நமக்குக் கோபம் வருகிறதா, துக்கம் வருகிறதா? எனக்குத் துக்கம்தான் வந்தது.

"அப்படியானால் நாமும் அந்த இசையைச் சபைக்குள்ளே கொண்டுவந்துவிடலாமே!" என்று ஒரு தம்பி சொல்லக்கூடும். இங்கிலாந்திலே கொண்டுவந்து பார்த்துவிட்டார்கள். ஷெஃபீல்டு பட்டணத்தில் 1986-ல் ஒரு ஆங்கிலிக்கன் சபையிலே 'நைன் ஓ கிளாக் சர்வீஸ்' என்று இரவு ஆராதனை ஆரம்பமாயிற்று. விளக்குகள், திரைகள், நடனக்கூடத்து இசை. சபைப்பக்கம் எட்டிப் பார்க்காத வாலிபர் நூற்றுக்கணக்காய் வந்தார்கள். எழுப்புதல் என்றார்கள். 1995-ல் அதன் தலைவரைக் குறித்துப் பெண்கள் பலர் முறைப்பாடு சொன்னார்கள், ஊழியம் மூடப்பட்டது. 2025-ல்தான் லண்டனில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. முப்பது வருஷம்! அங்கே கெடுத்தது டிரம் மெஷினா? இல்லை. ஒரு மனுஷனைக் கேள்வி கேட்க யாருமில்லாமல் போனதுதான். டிரம்ஸே இல்லாத சபையிலும் இது நடக்கும். இசையை மட்டும் குற்றஞ்சாட்டுகிற பிரசங்கத்தை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஜெர்மனிக்கு வாருங்கள். பெர்லினிலே சுவர் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1989 ஜூலையில், டாக்டர் மோட்டே என்கிற டிஜேயும் அவர் கூட்டாளிகளும் வண்டியிலே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வீதியில் ஆடிப்போனார்கள். லவ் பரேடு, 'அன்பின் ஊர்வலம்', என்று பேர். ஏறக்குறைய 150 பேர். மழைத்தண்ணியிலே காளான் முளைக்கிற மாதிரி அது வளர்ந்தது. 1999-ல் 15 லட்சம் பேர் வந்ததாய் அதை நடத்தினவர்கள் சொன்னார்கள். பின்பு பெர்லினை விட்டு ரூர் பகுதிக்குப் போனது.

2010 ஜூலை 24, டூயிஸ்பர்க் நகரம். பழைய சரக்கு ரயில் நிலையத்து மைதானம். உள்ளே வருகிறதற்கும் வெளியே போகிறதற்கும் ஒரே வழி. சுரங்கப்பாதை, அதன் முடிவிலே ஒரு சரிவு. வருகிற கூட்டமும் போகிற கூட்டமும் அங்கே எதிர்ப்பட்டது. பின்னால் இருக்கிறவர்களுக்கு முன்னால் நடக்கிறது தெரியாது. இசை கேட்கிறது, தள்ளிக்கொண்டு வருகிறார்கள். 21 பேர் மரித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். 'மிதிபட்டுச் செத்தார்கள்' என்று நாம் சுலபமாய்ச் சொல்லிவிடுவோம். அப்படி அல்ல. நின்ற இடத்திலேயே நெஞ்சு நெருக்குண்டு, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாமல் மாண்டார்கள். கூட்டத்திலே நெருக்கம் ஒரு அளவுக்கு மேலே போய்விட்டால் பலசாலிக்கும் கையை அசைக்க முடியாது. நம் கன்வென்ஷன் பந்தல் போடுகிற சகோதரர்கள் இதைக் கவனியுங்கள். வாசல் ஒன்றாய் இருக்கக் கூடாது.

பிரியமானவர்களே, அன்று இன்னொன்றும் நடந்தது. சரிவிலே பிள்ளைகள் மரித்துக் கிடக்க, மைதானத்திலே இசை நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் ஜனம் கலவரப்பட்டு மறுபடியும் அதே வழிக்கு ஓடிவரும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான்; நான் அவர்களை நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்க. கொஞ்ச தூரத்தில் மரணம். இந்தப் பக்கம் கையை உயர்த்தி ஆடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு லவ் பரேடு நடக்கவே இல்லை. 2017 டிசம்பரில் வழக்கு விசாரணை தொடங்கி, 2020 மே மாதம் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. பெற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஐத்திகு ஞாபகத்துக்கு வந்தான்.

துரோவாவிலே இரவுக் கூட்டம் (அப். 20:7-12). மேல்வீடு. அநேக விளக்குகள். ஜனநெருக்கம். பவுல் நடுராத்திரி மட்டும் பேசுகிறார். நம்மைப்போலத்தான், நேரம் பார்க்கவில்லை! ஜன்னலிலே உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். எடுத்துப் பார்த்தபோது உயிரில்லை. அதுவரைக்கும் அந்த அறையிலே அபிஷேகம் இருந்திருக்கும், கண்ணீர் இருந்திருக்கும். பவுல் என்ன செய்தார்? "எல்லாரும் துதியுங்கள், ஊழியக்காரர் யாராவது போய்ப் பார்ப்பார்கள்" என்று சொல்லவில்லை. பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு அவரே படியிறங்கிப் போனார். அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார்.

வாலிபத் தம்பியே, தங்கையே, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அங்கே நீ உணர்ந்தது பொய் அல்ல. தேவன் கொடுத்த சரீரம் அது, தனியாய் இருந்த உனக்கு ஆயிரம் பேரோடு ஒன்றாய்த் துள்ளினது இனிமையாய்த்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்திலே நீ விழுந்திருந்தால் உன்னைத் தேடி இறங்கியிருப்பவர் யார்? அங்கேயும் நல்ல சிநேகிதர் உண்டு. முகம் தெரியாதவனுக்குத் தண்ணீர் கொடுத்து, விடியவிடியப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன். இதே கேள்வியை நம் சபையைப் பார்த்தும் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு.

போகிறவர்கள் போகத்தான் போகிறீர்கள். ஆகவே சில காரியங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே மாத்திரை நீட்டுவார்கள். எக்ஸ்டஸி, மோலி என்று பேர் சொல்வார்கள். வாங்காதே. அது சரீரச் சூட்டை ஏற்றிவிடும், ஆடுகிற உனக்குத் தெரியாது. பயந்து குடங்குடமாய்த் தண்ணீர் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிருக்கு ஆபத்து. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு மயங்கினால், போலீசுக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடாதே. மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோய், என்ன சாப்பிட்டான் என்று உண்மையைச் சொல். காதுக்குப் பஞ்சு போதாது, காதடைப்பான் வாங்கிக்கொள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். இந்தக் கணக்கை நம் கன்வென்ஷன் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னே உட்காருகிற பாட்டிமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெற்றோரே, ராத்திரி மூன்று மணிக்குப் போன் வந்து, "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளை சொன்னால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். வண்டியை எடுங்கள். பவுலும் அந்தப் பையனை அணைத்து, "உயிர் இருக்கிறது" என்று சொல்லி, மேலே ஏறிப்போய் அப்பம் பிட்டுச் சாப்பிட்டார். விடியுமட்டும் பேசினது அதற்குப் பிறகுதான்.

வருகிற வாலிபர் கூடுகையில் இதைக் குறித்து மனம்விட்டுப் பேசலாம். போய்வந்தவர்களும் வாருங்கள், யாரும் உங்களை எழுப்பி நிற்கவைக்க மாட்டார்கள். பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம். ஸ்பீக்கரைக் குறைத்து வைக்கும்படி ஒலிபெருக்கித் தம்பியிடம் சொல்லியாயிற்று.