முன்பே அலைந்தவர்கள்

வெள்ளம் வந்தால் உதவியைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. அது தெருவுக்கே வரும். 2015 டிசம்பரில் சென்னையின் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டு, கடல் வாசனையே படாத தெருக்களுக்குள் வந்து ஆட்களை ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புழல் ஏரியின் உபரிநீர் போகிற வழியில் மணலியும் சடையங்குப்பமும் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுச் சுவர்களில் கருப்பாக ஒட்டியது. அப்போதும் சாப்பாட்டுப் பொட்டலம், பால் பாக்கெட், போர்வை என்று யார் யாரோ கொண்டுவந்தார்கள். அரசு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. வரிசையில் நின்ற எவரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஊருக்கே வந்த கஷ்டத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் கஷ்டம் அப்படி இல்லை. கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், தண்டல்காரர் காலையிலேயே வாசலில் நிற்கிறார், பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றால் வீட்டார் முதலில் செய்வது கதவைச் சாத்துவதுதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் "ஊருக்குப் போயிருக்கான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு நடப்பவற்றைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் புழலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நகரம் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்து போகிறது. நகரம் பார்க்க விரும்பாதவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் இருந்த பழைய மத்தியச் சிறை 2006-இல் இங்கே வந்தது. காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். அடுத்து செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். அவற்றின் களங்களில் நெல் அவித்துக் காயவைத்த இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட கதை திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

சிறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உள்ளே இருப்பவரைப் பார்க்க வருவதை இங்கே மனு என்பார்கள். ஜி.என்.டி. சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மனுவுக்குப் போகிற பெண்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் அட்டை, வக்கீல் கொடுத்த கார்டு, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன கோர்ட் காகிதம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதை எங்கும் விட்டுவிடக் கூடாது என்று தெரியும்.

பல சமயம் அதில் எழுதியிருப்பது ஜாமீன் உத்தரவு! ஜாமீன் கிடைத்த பிறகும் ஆள் வெளியே வருவதில்லை, ஷூரிட்டி போட ஆள் இல்லாததால். ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குச் சொத்துக் காகிதத்தோடு கோர்ட்டுக்கு வரக்கூடிய இரண்டு பேரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு! இந்த அநியாயம் சட்டத்துக்கும் தெரியாமல் இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளாகியும் வெளியே வராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு வந்த மத்திய அரசுத் திட்டத்தில், தகுதியுள்ள ஏழை விசாரணைக் கைதி ஒருவரின் ஜாமீன் தொகையையும், தண்டனைக் கைதியின் அபராதத்தையும் ஒரு வரம்பு வரை அரசே கட்ட இடமிருக்கிறது.

இவ்வளவும் இருக்கிறது. ஆனாலும் மஞ்சள் பையோடு மனுவுக்கு வந்த அந்த அம்மா தாலியை அடகு வைத்து, யாரோ ஒரு புரோக்கர் கையில் கொடுக்கிறார்.

ஏன் என்று கேட்டால் "விழிப்புணர்வு இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போர்டு வைத்தால், நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் வடசென்னையின் பழைய கதை ஒன்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் ஆழமானது என்று புரிகிறது. 1782-இல், ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், சென்னைக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. அதுதான் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம்; இன்றும் ஆதரவற்ற முதியவர்களுக்கு இல்லமாக இருக்கிறது. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. பழைய ஆட்கள் அதை இப்போதும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லுவார்கள். அந்தக் கஞ்சியைத் தேடி வந்தவருக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருந்திருக்காது. அடுப்புப் புகை தெரியும், வரிசை தெரியும், பாத்திரத்தை நீட்டினால் போதும். ஒரு ரூபாய் இட்லியோடு 2013-இல் வந்த அம்மா உணவகமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். உள்ளே போய் டோக்கன் வாங்கினால் சாப்பாடு. நீ யார், ஏன் வந்தாய் என்று கேள்வி இல்லை. அந்தக் கேள்வி இல்லாததாலேயே அது அத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

பசிக்குத் தரும் உதவி கண்ணுக்குத் தெரிகிறது. உரிமையாகத் தரும் உதவி காகிதத்துக்குள் இருக்கிறது. அதைப் பெற வேண்டுமானால், தனக்கு நடந்ததை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஒரு மேசைக்கு முன்னால் நின்று, பேனா பிடித்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் பையன் திருட்டுக் கேஸ்ல உள்ள இருக்கான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல்தான் எத்தனையோ பேர் வாசல் வரை வந்து திரும்புகிறார்கள். நோட்டீஸால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வைக்க முடியாது.

யாரால் முடிகிறது? பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணால் முடிகிறது. "இன்னாம்மா, மனுவுக்கா?" என்று கேட்கிறார். தலையாட்டல். "என் புள்ளையும் எட்டு மாசம் உள்ளதான் இருந்தான். மொதல்ல அப்டித்தான் இருக்கும். அந்தக் காகிதத்த இப்டி குடு." அவ்வளவுதான். வெட்கம் போன இடம் தெரியவில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் எந்தக் கோர்ட், எந்த மாடி, எந்த நாளில் போனால் ஆள் இருப்பார், யாரிடம் ஏமாறக் கூடாது என்பது வரை வந்துவிடும். அந்தப் பெண் எந்தத் தொண்டு நிறுவனத்திலும் சேர்ந்தவர் இல்லை. மனுவுக்கு வந்து வந்து வழியைக் கற்றுக்கொண்டவர்.

இதே விஷயத்தை அரிசி ஆலைகளில் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால் கடன் ரத்து, மறுவாழ்வுத் தொகை, மற்ற உதவிகள் எல்லாம் தொடரும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆகவே ஆய்வுக்கு வரும் அதிகாரியின் முன்னால் தொழிலாளி என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்களைப் பூட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டால் அவர் இல்லை என்பார். அது உண்மைதான், ஆலையில் பூட்டு இல்லை. "அடிக்கிறாங்களா?" என்றால் பதில் வராது, முதலாளியின் ஆள் சுவரோரம் நின்றுகொண்டிருப்பார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து நெல் அவிக்கிறோம், விடிந்ததும் களத்தில் பரப்பிக் காலால் கிளறுகிறோம், வாங்கிய சில ஆயிரம் முன்பணம் எத்தனை வருஷம் உழைத்தும் குறையவில்லை என்பதையெல்லாம் அவர் அடிமைத்தனம் என்று நினைப்பதில்லை. கடன் வாங்கினோம், உழைக்கிறோம் என்று நினைக்கிறார்.

முன்பு அதே மாதிரிக் களத்தில் நின்று விடுதலையானவர் வேறு கேள்வி கேட்பார். "ஊர்ல சாவு விழுந்தா எல்லாரும் சேர்ந்து போவீங்களா?" தொழிலாளி யோசிப்பார். "நா மட்டும் போவேன். பொண்டாட்டி புள்ளைய இங்க விட்டுட்டுத்தான் போவணும்." அங்கேதான் பூட்டு இருக்கிறது. நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும் கொத்தடிமைத்தனத்தின் அடையாளம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் சட்டத்தின் அந்த வரியிலிருந்து சாவு வீட்டைப் பற்றிய இந்தக் கேள்விக்கு வந்து சேர, படிப்பு மட்டும் போதாது. தானும் ஒரு தடவை மனைவியையும் பிள்ளையையும் பிணையாக விட்டுவிட்டு அம்மாவின் எழவுக்குத் தனியாகப் போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் தாங்களே சங்கமாகச் சேர்ந்து, இன்னும் உள்ளே இருப்பவர்களை வெளியே கொண்டுவர உழைப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. சரியான கேள்வி அவர்களிடம்தான் இருக்கிறது.

கஷ்டப்பட்ட எல்லோரும் இப்படி ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழி தெரிந்தவர் அதை விலைக்கு விற்கவும் செய்கிறார். கோர்ட் வளாகங்களில் ஷூரிட்டி ஏற்பாடு செய்து தரும் புரோக்கர்களில் சிலரும் ஒரு காலத்தில் இதே போல் அலைந்தவர்கள்தாம். தெரிந்த வழி ஒன்றேதான். தனியாக இருந்தால் அது பிழைப்பாகிவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து பொறுப்பெடுத்தால் தொண்டாக நிலைக்கிறது.

அப்படி நிலைத்ததற்குக் காவாங்கரை முகாமின் பின்னால் இருக்கும் வரலாறு சாட்சி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களின் எண்ணிக்கை காலப்போக்கில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1984-இல், இலங்கைத் தமிழர் தலைவரான தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் முன்னின்று ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கினார். அகதிகளுக்காக அகதிகளே நடத்தும் அமைப்பு அது. முகாம்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களும், நோயாளிகளைக் கவனித்தவர்களும் முகாமிலேயே இருந்தவர்கள். இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று, பிறகு இலங்கைத் தூதரகத்தில் பதிவு என்று காகிதம் காகிதமாகச் சேர்த்துக் கொடுத்ததை நான் அவர்களுடைய பெரிய சாதனையாக மதிக்கிறேன். சோறு போட்டவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். சான்றிதழ் வாங்கிக்கொடுத்தவரை மறந்துவிடும். ஆனால் எந்த நாட்டின் ஆள் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் ஒவ்வொன்றும் ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவரில் மோதியவர்கள்தாம் பிறப்புச் சான்றின் மதிப்பை அறிந்தார்கள்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்த முகாம்களிலிருந்து தன்னார்வலர்கள் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். இந்தியாவில் அவர்களுக்கு வாக்கு இல்லை, சொத்து இல்லை, முகாமை விட்டு வெளியே தங்கவும் அனுமதி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள், பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த இந்திய மீனவப் பெண்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். வீடு ஒரே நாளில் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் உதவி என்பதை நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது. உள்ளவரிடமிருந்து இல்லாதவருக்குப் போவது என்றே நாம் நினைக்கிறோம். பணமும் அரிசியும் அப்படித்தான் போகின்றன. ஆனால் சாத்திய கதவைத் திறக்க வைக்கும் அந்த முதல் பேச்சு, அதே கஷ்டத்தைக் கடந்தவரிடமிருந்துதான் வருகிறது. அதைக் கொடுக்க வசதி உள்ளவரிடம் ஒன்றும் இல்லை.

இப்படிப் பார்த்தால் நிவாரணம் கொடுக்கும்போது வாங்குபவர் முகத்துக்கு நேராக கேமராவை நீட்டுவது எவ்வளவு பெரிய கெடுதல் என்பது விளங்கும். நாளைக்குத் தன் தெருவில் இன்னொருத்திக்கு வழி சொல்ல வேண்டியவள், அந்தப் போட்டோவுக்குப் பயந்து, தான் உதவி வாங்கியதையே மறைத்துவிடுகிறாள். ஒரு பாக்கெட் பிரெட்டுக்காக ஒரு வழிகாட்டியை இழக்கிறோம்.

கஷ்டப்பட்டவரையே வழிகாட்டியாக்கவும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், நீண்ட தண்டனை அனுபவிக்கும் படித்த கைதிகளையே பயிற்சி கொடுத்துச் சிறைக்குள் தன்னார்வலராக நியமிக்கலாம். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கு மேல்முறையீட்டு மனு எழுதித் தருவது அவர்கள் வேலை. சிறைக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் காட்டிய இந்தப் புத்தியைச் சிறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கும் காட்டலாமே? மனு நேரத்தில் புழல் சிறைச் சாலையோரம் ஒரு மேசை போட வேண்டும். சட்டம் படித்த ஒருவர் அங்கே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில், மகனுக்காக எட்டு மாசம் மஞ்சள் பையோடு அலைந்த அந்த அம்மாவையும், சட்டத் தன்னார்வலர் என்ற அடையாள அட்டையோடு, தினப்படி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறார் என்று யாராவது ஆட்சேபம் சொன்னால், மேசைக்கு வருகிறவர்கள் முதலில் யார் முன்னால் போய் நிற்கிறார்கள் என்பதை ஒரு மாதம் கவனித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.