தோள் மட்டும் போதுமா?

பச்சைக் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லித்தரப் புத்தகங்கள் உண்டு, பாட்டிமார் உண்டு, இப்போது வகுப்புகளும் உண்டு. தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண் அவற்றைத் தேடிப் போனால் நாம் யாரும் அவளைக் குறை சொல்வதில்லை. பொறுப்பான பெண் என்று மெச்சுகிறோம். ஆனால் எண்பது வயதுத் தகப்பனாரை எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஒரு மகன் கற்றுக்கொள்ளப் போகட்டும். "பெற்றவரைப் பார்த்துக்கொள்ளக் கூடவா பாடம்? மனசு இருந்தால் போதாதா?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

மனசு இருந்தால் போதுமா?

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. தாயார் படுக்கையில் விழுந்துவிட்டார். மகனுக்கு அம்மா என்றால் உயிர். தன் அறையை ஒழித்துக் கொடுத்தார். பழமும் பாலும் வேளை தவறாமல் வந்தன. "அம்மா தூங்கட்டும், யாரும் அசைக்காதீர்கள்" என்று வீட்டாருக்கு உத்தரவு. சில வாரங்களில் தாயாரின் முதுகுக்குக் கீழே தோல் சிவந்து, கறுத்து, குழிப்புண்ணாயிற்று. எலும்பு அழுந்துகிற இடத்தில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத சதை செத்துவிடும். ஆகையால் தானாகப் புரளமுடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இடுப்பு, குதிகால், முதுகடி எல்லாவற்றையும் தினமும் பார்க்க வேண்டும். இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும். பயிற்சி பெற்ற தாதிக்கு இது அரிச்சுவடி. அந்த மகனுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவை அவர் அசைக்காமல் விட்டது அன்பினால்தான். அந்த அன்புதான் புண்ணாயிற்று.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. நல்லெண்ணம் நம்மைச் சேர்ந்தது. புண் அவரைச் சேர்ந்தது. நம்முடைய எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதனால் அவருடைய வலி குறைந்துவிடுவதில்லை.

உடம்பு போகட்டும். நினைவு தவறிப்போன பெரியவர் ஒருவர், தாம் கட்டிய வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாள்" என்கிறார். பாசமுள்ள பிள்ளை என்ன செய்வான்? "இதுதானே அப்பா நம் வீடு! பாட்டி போய் நாற்பது வருஷம் ஆகிறதே!" என்று வாதாடுவான். தாயார் செத்த சேதியைக் கிழவர் அந்த நிமிஷம்தான் புதிதாகக் கேட்கிறார், அழுகிறார். மறுநாள் மாலை மறுபடியும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. விஷயம் தெரிந்தவர்கள் வாதாடமாட்டார்கள். "உங்கள் அம்மா நன்றாகச் சமைப்பாளோ?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள். கிழவர் குழம்பின் மணத்தைச் சொல்லத் தொடங்குவார். வெளியே கிளம்பும் அவசரம் தணியும். இதுவும் ஒரு கல்விதான்.

இந்தக் கல்வி நெடுங்காலத்துக்கு முந்தியதல்ல. 1935-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில், மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரின் ஆஸ்பத்திரியோடு பக்கத்திலிருந்த ஓர் ஏழை விடுதியின் நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். எழுநூறு பேருக்கு மேல். பலர் வருஷக்கணக்காகப் படுக்கையை விட்டு எழாதவர்கள். 'கிழடு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்பதுதான் அதுவரை அவர்களுக்கு நடந்த வைத்தியம். அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழுந்திருக்கப் பழக்கினார், நடக்கப் பழக்கினார். அவர்களில் பலர் எழுந்தார்கள். சிலர் வீடு திரும்பினார்கள். அவர்களைப் படுக்கையில் கிடத்தியது முதுமை மட்டுமல்ல. எழுப்பத் தெரியாதவர்களின் அறியாமையும்தான்.

நம் சென்னையும் இந்த விஷயத்தில் பின்தங்கியதல்ல. 1978-இல் அரசினர் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவம் மேற்பட்டப் படிப்பாயிற்று. இரண்டுக்கும் முன்னின்றவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் டாக்டர் கிழவரோடு இருப்பது பத்து நிமிஷம். மிச்சமுள்ள நேரமெல்லாம் யாரோடு?

"அதற்கென்று ஆள் வைத்தால் அது கூலிக்கு மாரடிப்பதுதானே?" என்பார்கள். நான் ஒப்பவில்லை. அந்தக் காலத்து மருத்துவச்சி நெல்லும் புடவையும் வாங்கிக்கொண்டுதான் பிரசவம் பார்த்தாள். வாங்கினாள் என்பதற்காக அவள் கையில் இரக்கம் இல்லையென்று எந்தத் தாயும் சொன்னதில்லை. கூலி வாங்குவதால் கருணை கெடுவதில்லை. ஆனால் கூலியைக் குறைத்து, மரியாதையைப் பறித்து, வேலையை மட்டும் இரட்டித்தால் எந்தக் கருணையும் கெட்டுத்தான் போகும். ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண்ணைப் பன்னிரண்டு மணி நேரம் நோயாளியின் அருகே நிறுத்துகிறோம். "சும்மாதானே இருக்கிறாய்" என்று பாத்திரத்தையும் தேய்க்கச் சொல்கிறோம். தாதியின் திறமையை எதிர்பார்த்து, வாசல் தெளிப்பவளுக்குக் கொடுப்பதைக் கொடுக்கிறோம். அவளுக்கு முறையான படிப்பும் ஒரு சான்றிதழும் இருந்தால், "இதை நான் செய்வேன், இதைச் செய்யமாட்டேன்" என்று நிமிர்ந்து சொல்லும் உரிமை வரும். நம் பெற்றோரின் உடம்பைத் தொடுகிற கை, தலை குனிந்தவளின் கையாக இருக்கலாமா?

பெற்றவர்களுக்குச் செய்வது என்றதும் நமக்குச் சிரவணன் நினைவுக்கு வருகிறான். கண்ணில்லாத தாய் தந்தையரைக் காவடியில் வைத்துத் தோளில் சுமந்தவன். கதையை முடிவுவரை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் தசரதனின் அம்பு பட்டு அவன் விழுந்ததும் என்ன ஆயிற்று? தாயும் தந்தையும் மாண்டார்கள். அவர்கள் பாரம் முழுவதும் ஒரே தோளின்மேல் இருந்தது; அந்தத் தோள் சாய்ந்தது, எல்லாம் சாய்ந்தது. புத்திர பக்தியின் கதை என்று கேட்டுவந்தோம். தனியாகச் சுமப்பதன் அபாயமும் அதில் இருக்கிறது.

இன்று நம் வீடுகளில் அந்த ஒற்றைத் தோள் பெரும்பாலும் மருமகளுடையது, அல்லது கல்யாணமாகாத மகளுடையது. அவளுக்குப் பயிற்சியில்லை, சம்பளமில்லை, விடுமுறையில்லை. மாமியாரைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு ஒடிகிறது. இரவில் தூக்கம் கெட்டு நாக்கில் சிடுசிடுப்பு ஏறுகிறது. ஊர் அந்தச் சிடுசிடுப்பை மட்டும் கேட்கிறது. அவளை யாரும் சிரவணன் என்று பாடவில்லை.

2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்கிறது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்றும் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் பணத்தைக் கொடுக்கவைக்கும், கையைப் பழக்காது. பழக்க வேண்டியது நாம்.

எல்லாவற்றையும் கூலியாளிடம் விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. புரட்டுவதையும் துடைப்பதையும் தெரிந்தவர் செய்யட்டும். நாமும் அவரிடம் கற்றுக்கொள்வோம். ஆனால் தகப்பனாரின் பால்ய சிநேகிதன் பேரைச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்க எந்தத் தாதிக்கும் தெரியாது. அது பிள்ளைக்கு மட்டும் வாய்த்த வேலை. இரவெல்லாம் தனியாகச் சுமந்து சலித்தவனுக்கு அந்தச் சிரிப்பை வரவழைக்கத் தெம்பு ஏது? பாரத்தில் பாதியை இன்னொரு தோள் வாங்கிக்கொண்டால், காலையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார அவனுக்கு மனம் வரும்.