நீர் சேரும் வரை

கோல்ட் ப்ரூ கான்சன்ட்ரேட் பாதியில் நிறுத்தி வைத்த காபி. தூளை ஊறவைத்து வடித்தவர் யாரோ. தண்ணீரோ பாலோ சேர்த்து முடிக்கப்போவது நான். இந்தப் பாட்டில்களை ஒப்பிடுவது கடினமாக இருப்பதும் அதனால்தான். மூடியைத் திறந்து ஒரு கரண்டி நாக்கில் விட்டால் எல்லாமே கெட்டியாக, கசப்பாக, ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிய நீர் சேர வேண்டியிருக்கிறது.

*

நியூ ஜெர்சியில் நான் காய்கறி வாங்கும் கடையில், பாலும் தயிரும் இருக்கும் குளிர்ப் பெட்டியின் ஓரத்தில் இவை நிற்கும். அப்படியே குடிக்கும் கோல்ட் ப்ரூவும் அதே தட்டில்தான். ஸ்டம்ப்டவுன் 2011-லிருந்து விற்கும் குட்டைப் பாட்டில் அந்த வகை. ஆஸ்டின் நகரத்தில் 2010-இல் தொடங்கிய கமீலியனின் பெரிய கண்ணாடிப் பாட்டில் நீர் சேர்க்க வேண்டிய வகை. இரண்டும் ஒரே கறுப்பு. எது எது என்று லேபிளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

சூடு செய்கிற வேலையை இங்கே நேரம் செய்கிறது. நம் பித்தளை பில்டரில் கொதிநீர் ஊற்றிவிட்டுக் குளித்து வருவதற்குள் டிகாக்ஷன் இறங்கியிருக்கும். பச்சைத் தண்ணீரில் ஊறும் தூளுக்கு 12 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரம் வரை விடுகிறவர்களும் உண்டு. வேதிப் பொறியியல் படித்த டாட் சிம்ப்சன் என்ற அமெரிக்கர் இதை வீட்டில் செய்வதற்காக 1964-இல் ‘டாடி’ என்ற சாதனத்தை உருவாக்கினார். மேலே ஒரு வாளி, அதன் அடியில் கெட்டிக் கம்பளம் போன்ற வடிகட்டி, ஒரு தக்கை. 340 கிராம் தூளுக்கு 7 கப் தண்ணீர். இரவு ஊறவைத்துக் காலையில் தக்கையைப் பிடுங்கினால் கள்ளிச்சொட்டாக இறங்கும். பாட்டிலில் வருவது பெரிய தொட்டிகளில் நடக்கும் இதே வேலைதான்.

எத்தனை மணி நேரம் ஊறியது என்று லேபிளில் பெரிதாகப் போடுகிறார்கள். அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. பிலடெல்பியாவில் நினி ராவ், மேகன் புல்லர் என்ற இரு வேதியியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் காஃபீன் இறங்குவது 6, 7 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். அதற்கு மேல் ஊறும்போது சுவை மாறலாம், காஃபீன் கூடுவதில்லை. இரவு முழுதும் ஊறியதால் இது அதிக ஸ்ட்ராங் என்று யாராவது சொன்னால், தூளின் அளவைத்தான் கேட்க வேண்டும்.

*

அமிலம் பற்றியும் அதே இருவர் 2018-இல் எழுதியிருக்கிறார்கள். சூடாக இறக்கியதையும் குளிரில் ஊறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது பிஎச் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 4.85-க்கும் 5.13-க்கும் இடையில். ஆனால் சூடான காபியில் மொத்த அமிலங்களின் அளவு அதிகம். ‘வயிற்றுக்கு இதமானது’ என்ற வாசகத்தை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நாக்கு உணரும் மென்மை பொய்யில்லை. அதை நம்பி, புளித்த ஏப்பம் வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் குடித்துவிடக் கூடாது.

குளிர் எதையோ விட்டுவிட்டுத்தான் வருகிறது. டிகாக்ஷன் இறங்கும் வீட்டில் வாசல்வரை வரும் மணம் இந்தப் பாட்டிலில் கிடையாது. கசப்பின் முனையும் புளிப்பின் கூர்மையும் மழுங்கியிருக்கும். கூடவே அந்த மணமும் அடங்கியிருக்கும். எனக்கு இது பெரிய இழப்பு. வெயில் கொளுத்தும் ஜூலை பிற்பகலில், ஐஸ் மிதக்கும் கிளாஸை எடுக்கும்போது மட்டும் அந்த இழப்பு தெரிவதில்லை.

*

கணக்கு. ஒரு பாட்டில் 946 மில்லி, அமெரிக்க அளவில் 32 அவுன்ஸ். ‘ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர்’ என்கிறது லேபிள். 240 மில்லி கப் என்றால் கான்சன்ட்ரேட் 120 மில்லி. பாட்டில் முழுக்கவும் 8 கப்தான். இன்னொன்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1989 முதல் வரும் கூல்ப்ரூ. பிளாஸ்டிக் பாட்டிலை அழுத்தினால் தலையிலுள்ள சின்னக் கிண்ணத்தில் ஒரு அவுன்ஸ் ஏறி நிற்கும். ஒரு கப்புக்கு அதுவே அளவு. ஒரு லிட்டரில் 33 கப் வருகிறது. விலைச்சீட்டில் இது இருமடங்காக இருந்தாலும் கப் கணக்கில் பாதி விலைதான். பாட்டிலின் விலையைப் பார்த்து வாங்கினால் தவறான பக்கத்தில் மலிவு தேடுகிறோம்.

லேபிளில் இருக்கும் விகிதமும் முடிவான விகிதம் இல்லை. அது தயாரிப்பாளரின் நாக்கு. 30 மில்லி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். ஏதோ ஓர் இடத்தில் காபி காணாமல் போய்ப் பழுப்புத் தண்ணீர் மிஞ்சுகிறது. அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் நான் பாட்டிலிடம் கேட்கும் கேள்வி. நன்றாக வறுத்து நன்றாக ஊறியது மெலிய மெலிய முதலில் கனத்தை விடும், பிறகு கசப்பை விடும். ஒரு சன்னமான இனிப்பு கடைசிவரை நிற்கும். கருக வறுத்த கொட்டையில் எல்லாம் போன பிறகும் சாம்பல் வாசம் மட்டும் நிற்கும். கெட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒரே கம்பீரத்தில்தான் இருந்தன.

*

ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் என்றால், கிளாஸில் முக்கால்வாசி என் வீட்டுக் குழாயிலிருந்து வந்தது. பைகார்பனேட் மிகுந்த கடின நீர் காபியின் புளிப்பை அமுக்கிவிடும். பழச்சுவை உள்ள எத்தியோப்பியக் காபிகூட அதில் மந்தமாகிவிடும். உப்பெல்லாம் நீக்கிய ஆர்.ஓ. நீரில் அதே காபி வெறுமையாகத் தெரியும். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒருவர் கலந்து குடித்துச் சொன்ன தீர்ப்பும், இங்கே நான் சொல்வதும் ஒரே பானத்தைப் பற்றியவை அல்ல. ஐஸ் போடுகிறவர்கள் அது உருகி விடும் நீரையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் ஊற்றும் நீரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

*

சிக்கரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கடல் முற்றுகையால் நியூ ஆர்லியன்ஸுக்குக் காபி வரத்து சுருங்கியது. பிரெஞ்சு வழி வந்த அந்த ஊர்க்காரர்களுக்கு, வறுத்த சிக்கரி வேரைக் கலப்பது முன்பே தெரிந்த வித்தை. போர் முடிந்தது, பழக்கம் தங்கிவிட்டது. அதிலும் பாலூற்றிக் குடிக்கும் பழக்கத்தோடு. இந்தியாவில் காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் இல்லை. வறுக்கும்போது அதன் இனுலின் கருகி இனித்து, நிறத்தையும் கனத்தையும் தருகிறது. பால் ஊற்றினாலும் தளராத கனம் அது.

பாட்டில் காபியின் கதையிலும் சிக்கரி முதலிலிருந்தே இருக்கிறது. கிளாஸ்கோவில் பாட்டர்சன் அண்டு சன்ஸ் 1876-இல் விற்கத் தொடங்கிய ‘கேம்ப் காபி’ என்பது சர்க்கரையும் சிக்கரிச் சாறும் காபிச் சாறும் சேர்ந்த கெட்டித் திரவம். சூட்டில் செய்தது, குளிரில் ஊறியது அல்ல. அதன் லேபிளில் கூடாரத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து சிப்பாய் உட்கார்ந்திருக்க, ஒரு சீக்கியர் தட்டேந்தி நின்றார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கும் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. பாதிக் காபியை அடைத்து விற்கும் யோசனை புதியதல்ல என்பதற்கு மட்டுமாக இதைக் குறித்துவைக்க நினைத்தேன். அந்தத் தட்டேந்திய கை மனதைவிட்டுப் போக மறுக்கிறது.

*

நியூயார்க்கில் 2011-இல் தொடங்கிய கிரேடிஸ், நியூ ஆர்லியன்ஸ் முறையில் சிக்கரியும் மசாலாவும் சேர்த்து ஊறவைக்கிறது. பில்டர் காபியில் வளர்ந்த நாக்குக்கு இந்த வகைதான் சீக்கிரம் பிடிபடும். பாலில் விழுந்ததும் நிறம் நம் டபராவில் பார்த்த நிறத்துக்கு வந்துவிடுகிறது. மசாலா எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. இளவறுப்பு அராபிகாவை மட்டும் ஊறவைத்த பாட்டில்களை வெறும் நீரிலும் ஐஸிலும் குடிப்பதே நியாயம். அவற்றில் கொதிக்கும் பாலை ஊற்றினால் பூவாசமும் பழவாசமும் பாலாடைக்கு அடியில் மறைந்துபோகும்; சில சமயம் பாலே திரிந்துவிடும். பாலின் புரதம் பிஎச் 4.6-க்கு அருகில் கட்டியாகும். புளிப்பான சாறு, கொஞ்சம் பழசான பால், நல்ல சூடு மூன்றும் சேர்ந்தால் அந்தத் தூரம் அதிகமில்லை.

*

அதே 4.6 இன்னோர் இடத்திலும் வருகிறது. பிஎச் அதற்கு மேல் இருக்கும் பானம் காற்றுப் புகாமல் அடைபட்டு, குளிரில்லாமல் கிடந்தால் பாட்யூலிசம் என்ற உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். காபி 5-ஐ ஒட்டி இருக்கிறது. 2017-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் நைட்ரோ கோல்ட் ப்ரூ டப்பாக்களை இந்தக் காரணத்துக்காகவே திரும்பப் பெற்றது. யாருக்கும் நோய் வரவில்லை, முன்னெச்சரிக்கைதான். ஆகவே குளிர்ப் பெட்டியில் விற்கும் பாட்டில் வீடு வரும்வரை குளிரில் இருக்க வேண்டும். வெளி அலமாரியில் நிற்பது கடும் சூட்டில் பதப்படுத்தியதாக இருக்கும். பாதுகாப்பானது, குளிரில் பெற்ற மென்மையைக் கொஞ்சம் அந்தச் சூட்டில் இழந்தது. வீட்டில் நாமே ஊறவைத்ததை வெளியே வைத்துவிட்டு ஊருக்குப் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காஃபீன் அளவு லேபிளில் இருந்தால் அது எத்தனை மில்லிக்கு, நீர் சேர்க்கும் முன்பா பின்பா என்று பார்க்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை என்பது பொதுவான அளவு. ரோபஸ்டா கலந்திருந்தால் சீக்கிரம் எட்டிவிடும். அராபிகாவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் அதில் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாட்டிலை மேல்தட்டில் வைக்கலாம். பார்க்க நன்னாரி சர்பத் மாதிரி இருக்கிறது.

*

சர்க்கரை சேர்த்து அடைத்த பாட்டிலை மட்டும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையே கூடாது, இன்னொருவருக்கு இரண்டு கரண்டி போட்டும் போதாது. அவர் சூடான பாலில் குடிப்பவர், மற்றவர் ஐஸில். ஒரே பாட்டில் இருவருக்கும் போயாக வேண்டும்.